ரிமாண்ட் என்றால் தண்டனையா? சிறையைச் சுற்றியுள்ள ஆங்கிலச் சொற்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

"ரிமாண்டுன்னா எத்தனை வருஷம்ப்பா?"

மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள சித்திரபுரத்திலிருந்து சித்தி ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்து கேட்ட கேள்வி இது. பக்கத்து லயத்துப் பையன் ஒரு அடிதடி வழக்கில் சிக்கிவிட்டான். கோர்ட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்துவிட்டார்கள். யாரோ 'பதினாலு நாள்' என்று சொல்ல, அது நாலு வீடு தாண்டுவதற்குள் 'பதினாலு வருஷம்' ஆகிவிட்டது. பையனின் அம்மா அன்று சாப்பிடவே இல்லையாம்.

கையில் இருந்த காகிதங்களில் பாதி மலையாளம், பாதி ஆங்கிலம். இரண்டு தலைமுறையாகத் தேயிலை பறிக்கும் அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டுமே எட்டாது. "நீதானே பேப்பர்ல எழுதுற, நீயே பார்த்துச் சொல்லு" என்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அரெஸ்ட், கஸ்டடி, ரிமாண்ட், பெயில் என நான் தினமும் செய்தியில் புழங்கும் சொற்கள்தான். ஆனால் தமிழில் விளக்கு என்றதும் எனக்கே நாக்கு குழறியது. எல்லாவற்றையும் 'உள்ளே இருக்கான்' என்ற ஒரே வார்த்தையில் அடக்கியே பழகிவிட்டோம்.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றால், இப்படி ஒரு போன் உங்களுக்கும் ஒருநாள் வரலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கைது ஒரு நிமிடம், சிறை ஒரு காலம்

குழப்பம் தமிழிலிருந்தே தொடங்குகிறது. 'கைது', 'கைதி' இரண்டும் அரபி மூலத்திலிருந்து உருது வழியாக நமக்கு வந்தவை. அங்கே 'கைத்' என்றால் சிறைவாசம். நாம் அதை 'அரெஸ்ட்' என்பதற்கு வைத்துக்கொண்டோம். அதனால்தானோ என்னவோ, 'கைதாகிவிட்டார்' என்று கேட்டதுமே கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் நம் மனதில் வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் 'அரெஸ்ட்' என்பதன் அடிப்பொருள் நிறுத்துதல். 'கார்டியாக் அரெஸ்ட்' என்று டாக்டர் சொன்னால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். போலீஸ் விஷயத்திலும் அதேதான். ஒருவருடைய நடமாட்டத்தை நிறுத்தும் அந்தக் கணம்தான் அரெஸ்ட். அதற்கு மணிக்கணக்கு உண்டு, வருடக்கணக்கு கிடையாது. அரசமைப்பின் 22-வது பிரிவுப்படி, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கோர்ட் வரை பயணம் செய்யும் நேரம் மட்டும் இந்தக் கணக்கில் வராது.

அரெஸ்டுக்குப் பிறகு வரும் நிலைதான் 'கஸ்டடி'. இதன் லத்தீன் மூலத்துக்குக் காவல் காப்பது என்று பொருள். தமிழிலும் நாம் 'காவல்' என்றே சொல்கிறோம், நல்ல பொருத்தம். விவாகரத்து வழக்கில் குழந்தையின் 'கஸ்டடி' யாருக்கு என்று கேட்கிறோமே, அதே சொல்தான் இது. ஆள் யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதே கேள்வி. ஸ்டேஷனில் போலீஸ் பொறுப்பில் இருந்தால் போலீஸ் கஸ்டடி. கோர்ட் உத்தரவுப்படி சிறையில் இருந்தால் ஜுடீஷியல் கஸ்டடி. இரண்டாவதில் இருப்பவரை கோர்ட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. எனவே பதறிப்போன குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த கஸ்டடி?"

அப்போ ரிமாண்ட்?

'ரிமாண்ட்' என்றால் திருப்பி அனுப்புதல். மாஜிஸ்ட்ரேட் அந்த நபரை மறுபடி காவலுக்கு அனுப்புகிறார், அவ்வளவுதான். குற்றவாளி என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. சாட்சி விசாரணையே தொடங்கியிருக்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவு இதற்குக் கணக்கு சொல்கிறது. போலீஸ் கஸ்டடி மொத்தமாகவே 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஜுடீஷியல் கஸ்டடியை நீட்டிக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாள் கெடு. மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்கள் என்றால் 90 நாள். கெடு தாண்டியும் குற்றப்பத்திரிகை வரவில்லையா? பெயில் கேட்பது உரிமையாகிவிடும். இதன் பெயர் 'டிஃபால்ட் பெயில்'. சாஃப்ட்வேரில் 'டிஃபால்ட் செட்டிங்' என்கிறோமே, அந்தப் பொருளில் அல்ல. கடனைக் கட்டத் தவறியவரை 'டிஃபால்ட்டர்' என்பது போல, இங்கே தவறியது போலீஸ் தரப்பு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டிஃபால்ட் பெயில் தானாக வராது, மனு போட வேண்டும். மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். 61-வது நாள் எது என்று காலண்டரில் வட்டமிட்டு வைப்பவருக்கும், 'தண்டனை குடுத்துட்டாங்க, இனி என்ன' என்று உட்கார்ந்துவிடுபவருக்கும் இடையில் இருப்பது ஒரு சொல்லின் பொருள் மட்டும்தான்.

நான்கு பேரில் மூன்று பேர்

என் வேலை எண்களோடு என்பதால், ஒரு அட்டவணையைக் காட்டிவிடுகிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் கைதிகள் எல்லோரும் ஒரே பத்தியில் இருக்க மாட்டார்கள். 'கன்விக்ட்', 'அண்டர்டிரயல்', 'டிடெனியூ', 'அதர்' என்று நான்காகப் பிரித்திருப்பார்கள். தண்டனை பெற்றவர் கன்விக்ட். வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவர் அண்டர்டிரயல், நம் மொழியில் விசாரணைக் கைதி.

2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர், அதாவது 75.8 சதவீதம். நாட்டில் உள்ள அத்தனை சிறைகளின் மொத்தக் கொள்ளளவே 4,36,266-தான். விசாரணைக் கைதிகளை மட்டும் வைத்தாலே சிறைகள் நிரம்பிவிடும் என்று அர்த்தம்.

அதனால் 'ஜெயில்ல இருக்கான்' என்பதை வைத்து 'தப்பு பண்ணிருக்கான்' என்று முடிவுக்கு வருவது புள்ளிவிவரப்படியே தவறு. ஆங்கிலத்தில் எழுதும்போது இதைக் கவனியுங்கள்: குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'அக்யூஸ்டு ஆஃப்', முறைப்படி குற்றச்சாட்டு பதிவான பிறகு 'சார்ஜ்டு வித்', குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகு மட்டும் 'கன்விக்டட் ஆஃப்'. 'ஆஃப்' வர வேண்டிய இடத்தில் 'வித்' போட்டால் அது இலக்கணப் பிழை. 'அக்யூஸ்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கன்விக்டட்' என்று எழுதினால் அவதூறு வழக்கு.

பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு எதுகை

'பெயில்' என்பதற்கு நாம் சொல்லும் 'ஜாமீன்' என்பதும் அரபி, பாரசீக வழியில் வந்ததுதான். பொறுப்பேற்பவர் என்பது அதன் பொருள். 'பிணை' என்ற தமிழ்ச் சொல்லும் இதற்கு உண்டு. கைதுக்கு முன்பே வாங்கிக்கொள்வது முன்ஜாமீன்.

'பெயில், நாட் ஜெயில்' என்ற வாசகத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 1977-இல் ஒரு ராஜஸ்தான் வழக்கில் இதை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1915-இல் பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். 1948-இல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சுமார் ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்ட வக்கீல். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையும் அவரிடம் இருந்தது. ஜெயிலை உள்ளேயிருந்தும் மேலேயிருந்தும் பார்த்த மனிதர்.

அடுத்த ஆண்டே, 1978-இல், அவர் முன் மோதிராம் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே பெயில் கொடுத்துவிட்டது. ஆனால் கீழே மாஜிஸ்ட்ரேட், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார். ஒரு மலையாளியோ தமிழரோ எங்கோ தொலைவில் கைதானால் அந்த ஊர்க்காரரை ஜாமீனுக்கு எங்கே தேடுவார் என்று கிருஷ்ணய்யர் தீர்ப்பில் கேட்டார். ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஷ்யூரிட்டி' என்றால் உங்களுக்காகப் பொறுப்பேற்கும் இன்னொரு ஆள். 'பர்சனல் பாண்ட்' என்றால் நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். சித்திரபுரம் மாதிரி இடத்தில் இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். கேரளத்தில் ஷ்யூரிட்டி நிற்பவர் பொதுவாக நிலவரி கட்டிய ரசீதோடு வருவார். கம்பெனி லயத்தில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு நிலம் ஏது, ரசீது ஏது? 'பெயில் கிரான்டட்' என்று உத்தரவில் இருக்கும், ஆள் உள்ளேயே இருப்பார். பெயில் கிடைத்தது வேறு, பெயிலில் வெளியே வந்தது வேறு.

இதற்கு வழி இருக்கிறது. பெயிலபிள் குற்றமாக இருந்து, கைதான நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஷ்யூரிட்டி தர முடியவில்லை என்றால், அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்கிறது சட்டம். பெயில் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறை நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாமே கூப்பிடவும் செய்யலாம். இலவச சட்ட உதவி எண் 15100.

டிடென்ஷன்: குற்றமே இல்லாமல் உள்ளே

பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு விடாமல் உட்கார வைப்பதும் ஆங்கிலத்தில் டிடென்ஷன்தான். 'டிடெய்ன்டு ஃபார் குவெஸ்ச்சனிங்' என்று செய்தியில் வந்தால், விசாரணைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், முறைப்படி கைது காட்டவில்லை என்று பொருள். ஆனால் சட்டத்தில் 'பிரிவென்டிவ் டிடென்ஷன்' என்பது வேறு ஜாதி. செய்த குற்றத்துக்காக அல்ல, செய்துவிடக்கூடும் என்பதற்காக அடைத்து வைப்பது. தடுப்புக்காவல். அப்படி இருப்பவர்தான் டிடெனியூ. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் 'குண்டாஸ்', கேரளத்தில் 2007-இன் 'காப்பா' எல்லாம் இந்த வகை. நாட்டிலுள்ள டிடெனியூக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ்நாட்டுச் சிறைகளில்தான் என்று 2022 அறிக்கை சொல்கிறது. இது நாம் பெருமைப்படும் முதலிடம் அல்ல.

இந்தச் சொல்லை வைத்து உச்ச நீதிமன்றத்தின் ஆரம்ப காலத்திலேயே வழக்காடியவர், பிற்காலத்தில் பாலக்காடு எம்.பி.யாக இருந்த ஏ.கே.கோபாலன். 1950-ஆம் ஆண்டின் 'ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாகாணம்' தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர் அந்த வழக்கில் ஜெயிக்கவில்லை.

ஜெயித்த ஒரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. நாக்பூரைச் சேர்ந்த ஹரிகிசன் என்பவரைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று கேட்டார். ஆங்கிலம்தான் இன்னும் அலுவல் மொழி என்று மறுத்துவிட்டார்கள். 1962-இல் உச்ச நீதிமன்றம், புரியாத மொழியில் கொடுத்தது கொடுத்ததாகவே ஆகாது என்று சொல்லி அவரை விடுவித்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. தடுப்புக்காவல் மட்டுமல்ல, எந்தக் குற்றத்துக்கான கைதாக இருந்தாலும் அதன் காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்து மூலமாகத் தர வேண்டும் என்றது.

ஆக, அந்தப் பையனின் அம்மா 'தமிழ்ல குடுங்க' என்று கேட்பது சலுகை அல்ல. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1969-இலேயே, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. எத்தனை பேர் கேட்கிறோம் என்பது வேறு கதை.

தண்டனைக்குப் பிறகு வரும் சொற்கள்

'சிம்பிள் இம்ப்ரிசன்மென்ட்' என்றால் வெறும் சிறை. 'ரிகரஸ்' என்றால் வேலையோடு சேர்ந்த சிறை. நாம் கடுங்காவல் என்கிறோம், காவல் கடுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடுமை வேலையில்தான். 'மூன்று பிரிவுகளில் மொத்தம் 30 ஆண்டு சிறை' என்று தலைப்பு பார்த்தால் உள்ளே 'கன்கரன்ட்லி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், பத்து ஆண்டில் முடிந்துவிடும். 'கன்செக்யூட்டிவ்லி' என்றால்தான் ஒன்று முடிந்து அடுத்தது.

'லைஃப்' என்றால் 14 ஆண்டு என்பது நம் ஊர் டீக்கடைகளில் தவறாத நம்பிக்கை. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க என்று கோபால் கோட்சே வழக்கில் 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனைக்கு வழியுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு முடிவதற்குள் அரசு முன்கூட்டியே விட முடியாது என்று 1978-இல் ஒரு விதி வந்தது. அது குறைந்தபட்ச வரம்பு. மக்கள் அதை அதிகபட்சமாக்கிக்கொண்டார்கள்.

மீதிச் சொற்களை எல்லாம் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம். பேரறிவாளன், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது வயது 19. 1998-இல் தடா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் முடிவு செய்யாமல் வைத்திருந்ததால் 2014-இல் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டது. இது 'கம்யூடேஷன்', தண்டனையின் வகையே மாறுவது. மறுநாளே ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அரசு எடுத்த முடிவு 'ரிமிஷன்', அதாவது வகை மாறாமல் காலம் மட்டும் குறைவது. அதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் 72, 161-வது பிரிவுகளில் கொடுப்பது 'பார்டன்', மன்னிப்பு. அதற்கு அமைச்சரவை 2018-இல் பரிந்துரைத்து, அது ராஜ்பவனில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

2017 ஆகஸ்டில், கைதாகி 26 ஆண்டு கழித்து, அவர் முதல்முறை வீட்டுக்கு வந்தார். எல்லாப் பத்திரிகைகளும் 'பரோல்' என்றே எழுதின. தமிழ்நாட்டு விதிகளில் அதன் பெயர் 'ஆர்டினரி லீவ்'. ஆமாம், நாம் ஆபீஸில் போடுவது போல லீவ்தான், முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். ஆங்கிலப் படங்களில் 'பரோல்' என்றால் நிபந்தனையோடு நிரந்தரமாக வெளியே வருவது. இங்கே அப்படி இல்லை. பரோல் என்பது பிரெஞ்சில் 'வாக்கு'. திரும்பி வருவேன் என்று கொடுக்கும் வாக்கு.

2022 மார்ச்சில் பெயில். மே 18 அன்று, 142-வது பிரிவில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த உத்தரவு அவரை 'அக்விட்டட்' என்று சொல்லவில்லை. தண்டனையை அனுபவித்து முடித்ததாகக் கருதி 'ரிலீஸ்' செய்தது. அதை 'நிரபராதி எனத் தீர்ப்பு' என்று சொல்வது தவறு. தீர்ப்பைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், சொல் இதுதான்.

நவம்பரில் மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். அவர்களில் இலங்கைக் குடிமக்களான நால்வர் நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். சுவர் உண்டு, காவல் உண்டு, பெயர் மட்டும் 'கேம்ப்'. அந்த நால்வரில் ஒருவரான சாந்தன் வீடு போய்ச் சேராமலே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார்.

கடைசியாக, 'த' என்ற ஒரு எழுத்து

அமெரிக்காவில் 'ஜெயில்' என்றால் விசாரணைக்கும் குறுகிய தண்டனைக்குமான உள்ளூர் சிறை, 'பிரிசன்' என்றால் நீண்ட தண்டனைக்கு. நம் ஊரில் சப் ஜெயில், சென்ட்ரல் பிரிசன் என்று பலகையில் இருந்தாலும் பேச்சில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஆர்ட்டிக்கிளைக் கவனிக்காமல் விடக் கூடாது. 'ஹி இஸ் இன் பிரிசன்' என்றால் அவர் கைதி. 'ஹி இஸ் இன் த பிரிசன்' என்றால் பார்வையாளராகவோ, எலக்ட்ரீஷியனாகவோ அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார். ஆபீஸ் மெயிலில் 'த' விட்டுப்போனால் ஒருவரை உள்ளே தள்ளிவிடுவீர்கள். அதேபோல 'இன் கஸ்டடி', ஆனால் 'ஆன் ரிமாண்ட்', 'ஆன் பெயில்', 'ஆன் பரோல்'.

சித்திரபுரத்துப் பையனுக்குப் பன்னிரண்டாவது நாள் பெயில் கிடைத்தது. ஷ்யூரிட்டிக்கு ரசீதோடு ஆள் தேடி அவன் வீடு வந்து சேர மேலும் மூன்று நாள் ஆனது. சித்தி மறுபடி போன் செய்தார்.

"வந்துட்டான்ப்பா. இனி ஒண்ணும் இல்லல்ல?"

இருக்கு சித்தி, கேஸ் அப்படியேதான் இருக்கு என்றேன். அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று காகிதத்தில் பார்த்துச் சொன்னேன். அதைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்களாம்.